டெஸ்க்டாப் மாத்தினதும் கறுப்புத் திரையா? ஃபார்மட்டுக்குக் கொடுக்காதீங்க

கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னு மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் கொண்டுபோய் வச்சா, பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒண்ணுதான்: "ஃபார்மட் போட்டுரலாம்ணே." விண்டோஸ் மெஷினுக்கு அது சில நேரம் சரியாக்கூட இருக்கலாம். ஆனா லினக்ஸில் டெஸ்க்டாப்பை (மெஷினை இல்லை, மெனு, ஐகான், பேனல் எல்லாம் காட்டுற மென்பொருளை) மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணினதும் கறுப்புத் திரை காட்டுற மெஷினுக்கும் அதே வைத்தியமா? ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு, கெர்னல் (சிஸ்டத்தோட மையம்) ஓடிக்கிட்டிருக்கு, வைஃபைகூட இணைஞ்சிருக்கலாம். வராதது லாகின் திரை மட்டும். அதுக்குப் போய் டிஸ்க்கையே துடைக்கிறது அநியாயம்.

இந்தப் புலம்பல் இப்போ அதிகமாக் காதில் விழுறதுக்குக் காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்களில் உபுண்டுவோ மின்ட்டோ (ரெண்டும் லினக்ஸ் வகைதான்) போடுறாங்க. அண்ணன் வாங்கின விலையில்லா மடிக்கணினியை மேலூர், திருமங்கலம் பக்கம் தம்பி இன்னும் ஓட்டிக்கிட்டிருப்பான். அதில் 2 ஜிபி ராம் இருந்தா உபுண்டுவோட வர்ற க்னோம் டெஸ்க்டாப் மூச்சு வாங்கும். உடனே யூடியூப் பார்த்து எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான டெஸ்க்டாப்பை ஏத்துறது, "பழசை எதுக்கு வச்சிக்கிட்டு"ன்னு க்னோமைத் தூக்குறது. அங்கதான் சோலி முடியுது.

முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிக்கணும். டெஸ்க்டாப்பை மாத்துறதுங்கிறது கடை போர்டை மாத்துற மாதிரி. அஸ்திவாரத்தில் யாரும் கை வைக்கலை. அதனால எந்த இடத்தில் நிக்குதுன்னு பாருங்க. "பூட் டிவைஸ் இல்லை"ன்னு வந்தா டிஸ்க், கேபிள், பயாஸ் பக்கம் தேடணும். டெஸ்க்டாப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பயாஸில் தேதி பல வருஷம் பின்னாடி போயிருந்தா மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி போயிருக்கும், கூடவே பூட் வரிசையும் மாறியிருக்கும். க்ரப் மெனு (எதைக் கிளப்பணும்னு கேக்குற முதல் பட்டியல்) வந்து, லோகோவும் வந்து, அப்புறம் கறுப்பா நின்னா, மேலே படிங்க.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க, எழுத்து மட்டும் வர்ற கட்டளைத் திரை திறக்கும். லேப்டாப்பில் எஃப்என் கீயும் சேர்க்க வேண்டியிருக்கலாம். லாகின்னு கேட்டு ஒரு வரி வந்தாலே பாதி கவலை தீர்ந்தது. பாஸ்வேர்ட் அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, பயப்பட வேண்டாம். பாஸ்வேர்டில் நம்பர் இருந்தா மேல் வரிசையில் இருக்கிறதை அடிங்க; இந்தத் திரையில் நம்லாக் ஆஃப் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. (கட்டளைகளை இங்க உச்சரிப்பில் எழுதுறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து; பின்னாடி வர்ற எக்ஸ்11, .எக்ஸ்ஆத்தாரிட்டி ஃபைல் பேர்களில் மட்டும் எக்ஸ் பெரிய எழுத்து.)

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர். முதல் கட்டளை இதுதான். லாகின் திரையைக் காட்டுற வேலை டிஸ்ப்ளே மேனேஜரோடது: க்னோமுக்கு ஜிடிஎம்3, கேடிஇக்கு எஸ்டிடிஎம், எக்ஸ்எஃப்சிஇக்குப் பெரும்பாலும் லைட்டிஎம். புது டெஸ்க்டாப் ஏறும்போது நடுவில் ஒரு ஊதாவோ நீலமோ பெட்டி வந்து "இதில் எது?"ன்னு கேக்குமே, அதைப் படிக்காம என்டர் தட்டுறதில்தான் பாதி வம்பு. எது தேர்வானதுங்கிறது ரெண்டு இடத்தில் பதிவாகும். ஈடிசி ஃபோல்டருக்குள்ள எக்ஸ்11-ல டிஃபால்ட்-டிஸ்ப்ளே-மேனேஜர்னு ஒரே வரி உள்ள ஃபைல் ஒண்ணு. பூட் ஆகும்போது எல்லாத்தையும் கிளப்பிவிடுற சிஸ்டம்டி வச்சிருக்கிற ஷார்ட்கட் இன்னொண்ணு. டெபியன், உபுண்டுவில் லைட்டிஎம் கிளம்பும் முன்னாடி அந்த ஃபைலைப் பார்க்கும். அதில் தன் பேர் இல்லைன்னா கிளம்பவே கிளம்பாது. நீங்க கையால ஒண்ணை மட்டும் மாத்தியிருந்தீங்கன்னா ரெண்டுக்கும் ஒத்துப்போகாது, கறுப்புத் திரைதான்.

சரி பண்ண சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம் (சூடோன்னா அட்மின் உரிமையோட ஓட்டுறது). பெட்டி மறுபடி வரும். அம்புக்குறியில் தேர்ந்தெடுத்து, டேப் தட்டி என்டர். ரெண்டு இடத்தையும் அதுவே திருத்திடும். பெட்டி வரலைன்னா மெஷினில் ஒரே ஒரு டிஸ்ப்ளே மேனேஜர்தான் இருக்குன்னு அர்த்தம். லைட்டிஎம் இருந்தும் உடனே விழுந்துட்டா கிரீட்டர் இல்லாம இருக்கலாம். அதுதான் பேரும் பாஸ்வேர்டும் கேக்குற முகம், தனி பேக்கேஜ்: லைட்டிஎம்-ஜிடிகே-கிரீட்டர். இன்ஸ்டால் பண்ணி ரீபூட். பெரும்பாலான மெஷின் இதோட எழுந்திடும்.

எழலைன்னா தூக்கின லிஸ்ட்டைப் பார்க்கணும். க்னோமுக்குப் பின்னாடி நட்சத்திரக் குறி போட்டு ரிமூவ், அப்புறம் ஆட்டோரிமூவ்; இந்த ஜோடி நெட் இணைப்பைப் பார்த்துக்கிற நெட்வொர்க்மேனேஜரையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போகலாம். "இத்தனை பேக்கேஜ் நீக்கப்படும்"னு லிஸ்ட் காட்டும்போது ஒய் தட்டினது நாமதான், பேக்கேஜை ஏத்தி இறக்குற ஏபிடி இல்லை. நல்ல விஷயம் என்னன்னா, ஏபிடி எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கும்: வார், லாக், ஏபிடி ஃபோல்டருக்குள்ள ஹிஸ்டரி.லாக். லெஸ் கட்டளையில் திறந்து கடைசிக்குப் போங்க. தேதி, நேரம், அடிச்ச கட்டளை, நீக்கின பேர் வரிசையா இருக்கும். அதில் நெட்வொர்க்-மேனேஜர், எக்ஸ்ஆர்க் (திரையில் ஜன்னல்களைக் காட்டுறது), டிஸ்ப்ளே மேனேஜர் இருக்கான்னு பார்த்து, போனதை மட்டும் திருப்பி ஏத்துங்க. நெட்வொர்க்மேனேஜர் தப்பிச்சிருந்தா போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்க, வைஃபை தேட வேண்டாம். அதுவே போயிருந்தா லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுறது) பூட் பண்ணி, ரூட் பார்ட்டிஷனை (சிஸ்டம் இருக்கிற பகுதி) மவுண்ட் பண்ணி, டெவ், ப்ராக், சிஸ், ரன் நாலு ஃபோல்டரையும் பைண்ட் பண்ணி சிஹெச்ரூட் போகணும், அதாவது டிஸ்க்கில் இருக்கிற சிஸ்டத்துக்குள்ளயே நுழையணும். ரன்னை விட்டுட்டா உபுண்டுவில் டிஎன்எஸ் (தளத்தோட பேரை முகவரியா மாத்துறது) வேலை செய்யாது, நெட் இருந்தும் ஏபிடி முழிக்கும்.

லாகின் திரை வந்து, பாஸ்வேர்ட் அடிச்சதும் திரும்ப அங்கேயே வந்து நிக்கிறது வேற கதை. டிஎஃப் -ஹெச் அடிச்சு ரூட் பார்ட்டிஷனில் 100% காட்டுதான்னு, அதாவது இடம் நிரம்பிடுச்சான்னு பாருங்க. ரெண்டு டெஸ்க்டாப் சேர்ந்து சின்ன எஸ்எஸ்டியை நிரப்பிடும். சூடோ ஏபிடி கிளீன் கொஞ்சம் மூச்சு விட வைக்கும். இடம் இருக்குன்னா ஹோம் ஃபோல்டரில் .எக்ஸ்ஆத்தாரிட்டி ஃபைல் யார் பேரில் இருக்குன்னு பாருங்க. யாரோ சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டியிருந்தா ரூட்ங்கிற அட்மின் யூசர் பேருக்குப் போயிருக்கும், சிஹெச்ஓன் போட்டு உங்க பேருக்கு மாத்தணும். இதுவும் இல்லைன்னா ஆட்யூசரில் புது யூசர் ஒண்ணு போட்டு நுழைஞ்சு பாருங்க. அவர் நுழைஞ்சா கோளாறு உங்க பழைய செட்டிங்கில். .கான்ஃபிக் ஃபோல்டரைப் பேர் மட்டும் மாத்துங்க, அழிக்காதீங்க. குரோம் புக்மார்க்கும் அதுக்குள்ளதான் இருக்கு.

கரண்ட் விஷயம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில், மின்வாரியப் பராமரிப்பு நாளில், இன்ஸ்டால் பாதியில் நின்னா பேக்கேஜ் எல்லாம் அரைகுறையா இருக்கும். யூஇஎஃப்ஐ மெஷினா இருந்தா எஸ்கேப், பழைய பயாஸ்னா ஷிஃப்ட் அழுத்தி க்ரப் மெனுவை வரவழைச்சு, அட்வான்ஸ்டு ஆப்ஷனில் ரெக்கவரி மோட் போங்க. அங்க டிபிகேஜின்னு ஒரு வரி இருக்கு, அதைத் தேர்ந்தெடுத்தா விட்ட இடத்திலிருந்து முடிக்கப் பார்க்கும். அப்டேட்டும் சேர்ந்து ஓடி புது கெர்னல் பாதியில் நின்னிருந்தா, அதே மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ள போங்க.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்து இன்னும் கறுப்புத் திரைதான்னா க்ரப்பில் இ தட்டி, லினக்ஸ்னு தொடங்குற வரி முடிவில் நோமோட்செட் சேர்த்து எஃப்10. அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். உள்ள போய் டிரைவரைச் சரி பண்ணணும்.

என் கருத்து என்னன்னா, பழைய டெஸ்க்டாப்பை நீக்கவே தேவையில்லை. அது டிஸ்க்கில் கொஞ்சம் ஜிபி பிடிக்கும், அம்புட்டுதான். எக்ஸ்எஃப்சிஇயில் நுழைஞ்ச பிறகு க்னோம் ஷெல் ராமில் இருக்காது. லாகின் திரையில் செஷனை மாத்திக்கிற வசதி எதுக்கு இருக்கு? புதுசா போடுறவங்களுக்கு இன்னும் சுலபம்: மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஐஎஸ்ஓவையே முதல்ல இறக்கிட்டா மாத்துற வேலையே இல்லை. மின்ட்டில் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்புற டைம்ஷிஃப்ட் கூடவே வருது, மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கலாம். ஆனா டைம்ஷிஃப்ட் வழக்கமா ஹோம் ஃபோல்டரைத் தொடாது, போட்டோவுக்கு அதை நம்பாதீங்க.

இவ்வளவுக்கும் பிறகு கடைக்குத்தான் போகணும்னா, லைவ் பென்டிரைவில் பூட் பண்ணி ஹோம் ஃபோல்டரை முதல்ல வெளி டிஸ்க்கில் காப்பி எடுக்கச் சொல்லுங்க. டியூ -எஸ்ஹெச் போட்டு ரெண்டு பக்கத்து அளவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கான்னு நீங்களே கண்ணால பார்த்துட்டு அப்புறம் மெஷினை விட்டுட்டு வாங்க.