பன்னிரண்டு ஆண்டு நடந்தால் பாதை சொந்தமாகாது

“அடுத்தவர் நிலத்தின் வழியே 12 ஆண்டுகள் நடந்தால் அந்த நிலம் உங்களுக்கே சொந்தம்” என்ற வாட்ஸ்அப் செய்தி குடியாத்தம், அணைக்கட்டுப் பகுதி விவசாயிகளிடையே பரவி வருகிறது. இது தவறு.

12 ஆண்டு என்பது, உரிமையாளருக்கு எதிராக நிலத்தையே அனுபவத்தில் வைத்திருப்போருக்கான காலவரம்புச் சட்டக் கணக்கு. அடுத்தவர் நிலத்தின் வழியே சென்றுவரும் வழிநடை உரிமைக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (Easements Act), பிரிவு 15 பொருந்தும். அதன்படி, அனுமதி கேட்டுப் பெறாமல், உரிமையாகவே, வெளிப்படையாகவும் தடையின்றியும் 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். அப்போதும் கிடைப்பது நடந்துசெல்லும் உரிமையே, மண் அல்ல. ஒரே நிலம் பாகம் பிரிக்கப்பட்டு, ஒரு பங்குக்கு வேறு வழியே இல்லாதபோது, 13ஆம் பிரிவின்படி 20 ஆண்டு காத்திருக்கவும் தேவையில்லை. இதை யாரும் பகிர்வதில்லை என்பதே எனக்கு வருத்தம்.

பாதை மறிக்கப்பட்டிருந்தால் வேலியைப் பிடுங்க வேண்டாம், நாளையும் கடத்த வேண்டாம். ஏனெனில், அந்த 20 ஆண்டுப் பயன்பாடு நின்று இரண்டு ஆண்டுகள் கடப்பதற்குள் வழக்குத் தொடுத்துவிட வேண்டும். மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட நகல், பழைய ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டி, பாதையை நெடுநாள் அறிந்த முதியோரைச் சாட்சிகளாகக் கேட்டு வைத்துக்கொண்டு வழக்கறிஞரை அணுகுங்கள். பாதையை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்குமாறு உரிமையியல் நீதிமன்றத்தில் கோரலாம்.

சட்டத்தின் முழு வாசகம் ‘இந்தியா கோட்’ அரசுத் தளத்தில் உள்ளது. பெண்களும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் வேலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.