பெண்களுக்கு இயற்பியல் வராதா? பரவும் பதிவு தவறு

"பெண் குழந்தைகளின் மூளை இயற்பியலுக்கு ஏற்றதல்ல, அதனால்தான் அவர்களுக்கு ஆர்வம் வருவதில்லை" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பல நாடுகளில் இயற்பியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவிகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. 15 வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் சோதிக்கும் பிசா தேர்வில், 2018-இல், அதை நடத்தும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) உறுப்பு நாடுகளின் சராசரி அறிவியல் மதிப்பெண்ணில் மாணவிகளே 2 புள்ளி முன்னிலை. ஓஇசிடி இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

சரி, ஆர்வம்? ஜெர்மனியின் கீல் நகரிலுள்ள, அறிவியல் கல்வியை ஆராயும் ஐபிஎன் நிறுவனம் இதை நுணுக்கமாகவே ஆராய்ந்தது. பம்பு எப்படி இயங்குகிறது என்பதை ஆழத்திலிருந்து எண்ணெய் எடுப்பதோடு சேர்த்துக் கேட்டால் மாணவிகளின் ஆர்வம் குறைந்தது. அதே பம்பை, ரத்தத்தைச் செலுத்தும் செயற்கை இதயமாகக் காட்டினால் ஆர்வம் நன்றாகவே கூடியது. பாடம் ஒன்றுதான், எடுத்துக்காட்டுதான் வேறு. இந்த இடத்தை ஆசிரியர்கள் கவனித்தாலே நிறைய மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடம் எடுப்பது என்று யோசிக்கும் ஒரு மாணவியும் அந்த வாட்ஸ்அப் பதிவைப் படிக்கக்கூடும். தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.