டிஸ்சார்ஜ் ஆன வாரமே நம்ம டாக்டரைப் பார்த்துவிடுங்கள்

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து கணக்கு முடிய இரவு ஏழரை ஆகிவிட்டது. நர்ஸ் ஐந்து நிமிடத்தில் மாத்திரைகளைக் காட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து ரிவ்யூ என்றார். எங்களுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

நான்காவது நாள் காலை பாத்ரூமிலிருந்து வந்தவர் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். படுத்தே கிடந்த அசதி என்றார் அம்மா, நானும் அப்படித்தான் நினைத்தேன். தங்கைதான் விடவில்லை. இருபது வருடமாக எங்களைப் பார்க்கும் டாக்டரிடம், வீட்டில் இருந்த மாத்திரை அத்தனையையும் பழசு புதுசு பார்க்காமல் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போனோம்.

பிரஷர் 94/60, ரொம்பக் குறைவு. டாக்டர் பையை மேசையில் கொட்டி, அட்டை அட்டையாகத் திருப்பிப் பார்த்து இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார். ஒன்று தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிரஷர் மாத்திரை, அம்லோடிபின் 5 மில்லிகிராம். இன்னொன்று ஆஸ்பத்திரியில் எழுதிய புது மாத்திரை, பேர் வேறு, நிறம் வேறு, ஆனால் உள்ளே டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோடு அதே அம்லோடிபின். அப்பா இரண்டையும் தவறாமல் போட்டிருக்கிறார். பழசை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே! அட்மிஷன் அன்று என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டபோது அம்மா சொன்னது, "பிரஷருக்கு, வெள்ளையா சின்னதா இருக்கும்".

அதோடு முடியவில்லை. முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்றும் பையில் இருந்தது, அதை இனித் தொடவே கூடாது, இதயத்துக்கும் கிட்னிக்கும் ஆகாது என்றார். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில், நாங்கள் யாரும் புரட்டியே பார்க்காத இடத்தில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் மருந்தால் அப்படி ஏறலாம், மறுபடி ரத்தம் பார்த்தே ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் மட்டும், பல் பிடுங்கவே போனாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரி அப்பா உயிரைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய பழைய பிரஷர், முட்டிவலி, சாப்பாடு எல்லாம் தெரிந்தவர் இந்தத் தெரு டாக்டர்தான். ரிவ்யூ தேதி வரட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தால் அப்பா எங்கே விழுந்திருப்பாரோ, நினைத்தாலே பதறுகிறது. தயவுசெய்து ஒரு வாரத்துக்குள் போய்விடுங்கள், ஃபைலோடும் எல்லா மாத்திரையோடும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே, பழைய மாத்திரையில் எதை நிறுத்தவேண்டும் என்று கேட்டு சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள், கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, நின்று வாங்குங்கள்.

நேற்று பிரஷர் 126/80, கிரியாட்டினினும் இறங்கிவிட்டது. அடுத்த முறை மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் காட்ட, சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து வாசல் அலமாரியில் வைத்திருக்கிறோம்.