ஆன்லைன் பிறகு வரட்டும், தப்பே இல்லை

ஒரு கேம் வெளிவந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஆன்லைன் மல்டிபிளேயர், அதாவது இணையம் வழியாகப் பலர் சேர்ந்து ஆடும் வசதி, சேர்த்தால் உடனே ஒரு பேச்சு கிளம்பும். "முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியதுதானே, பாதியை விற்றுவிட்டு மீதியை இப்போது தருகிறார்கள்" என்று. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அது சரியாகப் படவில்லை. தனியாக ஆட ஒரு கேமை முழுசாக முடித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் நிதானமாக ஆன்லைன் சேர்ப்பதுதான் சரியான வரிசை.

என் எண்ணத்தை மாற்றியது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை வருஷம் உட்கார்ந்து செய்த, பண்ணை வைத்துப் பிழைக்கும் கேம். 2016 பிப்ரவரியில் கம்ப்யூட்டருக்கு வந்தது, அந்த வருஷக் கடைசியில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கன்சோல்களுக்கு, 2017 அக்டோபரில் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு. ஆன்லைன் வந்தது 2018இல்தான், கம்ப்யூட்டருக்கு ஆகஸ்டில், ஸ்விட்சுக்கு டிசம்பரில். காசு எதுவும் கேட்கவில்லை. அந்த நெட்வொர்க் வேலைக்கு மட்டும் டாம் காக்ஸன் என்ற இன்னொரு புரோகிராமர் கை கொடுத்தார். பண்ணைக்குள் இன்னும் மூன்று பேரைச் சேர்க்க இத்தனை நாளா என்று தோன்றலாம். ஆனால் ஆடிப் பார்த்தால் தெரியும், கேமின் விதிகளையே திரும்ப யோசிக்க வேண்டியிருந்திருக்கிறது. தனியாக ஆடும்போது பையைத் திறந்தால் நேரம் நின்றுவிடும், விதை எது உரம் எது என்று சாவகாசமாகப் பார்க்கலாம். நாலு பேர் இருக்கும்போது ஒருவர் பையைத் திறந்ததற்காக மற்ற மூன்று பேரும் சிலை மாதிரி நிற்க முடியுமா? அதனால் ஆன்லைனில் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனியாக என்றால் நீங்கள் படுத்தால் நாள் முடிந்தது. சேர்ந்து ஆடினால் எல்லாரும் படுக்கைக்குப் போனால்தான் அடுத்த நாள் விடியும். திருவிழாவுக்கும் எல்லாரும் வந்து சேர வேண்டும். இரண்டு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொள்ளக்கூட வழி வைத்தார்கள். ஒரு ஆளை நடுவில் வைத்துக் கட்டிய உலகத்தில் இன்னொரு ஆள் நுழைந்தால் இப்படி ஒவ்வொரு மூலையிலும் கை வைக்க வேண்டியிருக்கிறது. இதை அவசர அவசரமாக முதல் நாளுக்குள் திணித்திருந்தால் அந்தப் பண்ணையின் அமைதியே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான கதை நோ மேன்ஸ் ஸ்கை, விண்வெளியில் கிரகம் கிரகமாகச் சுற்றும் கேம். 2016 ஆகஸ்டில் பிஎஸ்4இல் வந்தது. மற்றவர்களைச் சந்திக்கலாம், ஆனால் பிரபஞ்சம் அவ்வளவு பெரிது, வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று வெளியீட்டுக்கு முன்னால் அதைச் செய்த ஹலோ கேம்ஸ் நிறுவனத்தின் ஷான் மர்ரே பேட்டிகளில் சொல்லியிருந்தார். வந்த சூட்டோடு இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவே இல்லை. உண்மையான மல்டிபிளேயர் 2018 ஜூலையில் 'நெக்ஸ்ட்' அப்டேட்டில்தான் வந்தது, நாலு பேருக்கு. அடுத்த வருஷம் 'பியாண்ட்' வந்தபோது கன்சோலில் எட்டுப் பேர். எல்லாமே இலவசம். ஹலோ கேம்ஸ் ஓடி ஒளியாமல் உட்கார்ந்து வேலை செய்தார்கள், அந்த உழைப்பை நான் மனதார மதிக்கிறேன். அங்கே ஜனங்களுக்குக் கோபம் வந்தது ஆன்லைன் தாமதமானதால் இல்லை, முதல் நாளே இருக்கும் என்று நம்ப வைத்ததால். ஸ்டார்டியூவுக்கும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது, ஆனால் இல்லாததை இருக்கிறது என்று யாரும் நினைத்து வாங்கவில்லை.

கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்ற சாமுராய் கேமையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூலையில் நாயகன் ஜின் சகாயின் கதையை மட்டும் கொடுத்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை. அக்டோபரில் 'லெஜண்ட்ஸ்' என்ற ஆன்லைன் பகுதி இலவசமாக வந்தது. கதைசொல்லி கியோசென் சொல்லும் மாயக்கதைகளாகத் தனியே பிரித்து வைத்துவிட்டதால், ஜின்னின் கதை துளிகூடக் கலையவில்லை.

எனக்கு உள்ளூர வலிக்கிற இடம் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) என்ற குற்ற உலக கேம். கதை 2013 செப்டம்பர் 17, ஆன்லைன் அக்டோபர் 1, இடையில் இரண்டே வாரம். முதல் சில நாட்கள் சர்வர் திணறி, பலருக்கு உள்ளே போகவே முடியவில்லை. அது கூட சரியாகிவிட்டது. ஆனால் ஜிடிஏ 4க்கு 2009இல் இரண்டு பெரிய கதைத் தொடர்ச்சிகள் வந்தன. 5க்கு ஒன்றுகூட வரவில்லை. ஆன்லைனுக்கு மட்டும் வருஷா வருஷம் அப்டேட். கதையின் நாயகர்கள் ஃபிராங்க்ளின், மைக்கேல், ட்ரெவர் மூவரையும் வைத்து இன்னும் எவ்வளவு சொல்லியிருக்கலாம்! ஆன்லைன் வரட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் காசு கொடுத்துக் கதை ஆட வந்தவனின் பங்கைச் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது.

2021 டிசம்பர் 16 அன்று பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் ஜிடிஏ ஆன்லைனை மூடிவிட்டார்கள். அங்கே வீடு, கார் என்று சேர்த்து வைத்ததெல்லாம் அந்த கன்சோல்களில் அன்றோடு முடிந்தது. கதை மட்டும் வட்டைப் போட்டால் இன்றும் ஓடுகிறது. ஸ்டார்டியூவில் பண்ணை சேமிப்பு யார் கூப்பிடுகிறாரோ அவர் கன்சோலிலேயே இருக்கும். எங்கள் பண்ணை அக்காவின் ஸ்விட்சில் இருக்கிறது, அவள் பெங்களூரில். அவள் திறந்தால்தான் நான் உள்ளே போக முடியும், அதனால் ஞாயிறு ராத்திரி சாப்பிட்டதும் அவளுக்கு ஒரு போன். போன வாரம் தொடங்கிய பூசணி அறுவடை பாதியில் நிற்கிறது.