வளரும் பிள்ளைக்கு எத்தனை கால்கள்?

லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்குச் செல்லும் நம் ஆட்கள் பெரும்பாலும் புத்தர் கோயில்களையும் மேகோங் ஆற்றங்கரைச் சந்தையையும் பார்த்துவிட்டு லுவாங் பிரபாங்குக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். கூவியெங் சாலையில், கால் இழந்தவர்களுக்குப் பொய்க்கால் செய்து கொடுக்கும் 'கோப்' மையத்துக்கும் போய்விட்டு வாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போய் வந்தவர்கள் அங்கே பார்த்த குண்டுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அங்கே பார்த்த கால்களைப் பற்றிப் பேச வேண்டும்.

குண்டுகளைச் சொல்லாமல் கால்களுக்கு வர முடியாது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு. ஆனால் அமெரிக்காவோடு போரிட்ட வட வியட்நாம் தன் படைகளுக்கு ஆயுதம் அனுப்பிய ஹோ சி மின் பாதை லாவோசின் கிழக்கு மலைகள் வழியாகச் சென்றது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்த நாட்டின் மீது 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கணக்குப் பார்த்தால் ஒன்பது ஆண்டுகள், இரவு பகலாக, எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. அமெரிக்க மக்களுக்கே சொல்லாமல் நடத்திய போர் அது.

வானிலேயே பிளந்துகொள்ளும் கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் 30 விழுக்காடு வரை வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. அதாவது சுமார் 8 கோடி, வயலிலும் காட்டிலும் மூங்கில் புதரிலும் தங்கிவிட்டன. மையத்துக்குள் ஒரு கொத்துக்குண்டின் ஓடு பிளந்து தொங்குகிறது. அதிலிருந்து கொட்டுவதுபோலச் சிறுகுண்டுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாத்துக்குடி அளவு. கிட்டே நின்று பார்த்தேன். எந்தக் குழந்தையும் கையில் எடுத்து உருட்டத்தான் செய்யும். குழந்தைகள் மட்டுமல்ல, மண்வெட்டியால் கொத்திய விவசாயி, குண்டு புதைந்தது தெரியாமல் அதன் மேலேயே அடுப்பு மூட்டிய பெண், பழைய இரும்புக் கடையில் போட்டால் நாலு காசு கிடைக்கும் என்று தோண்டிய சிறுவன் என எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். போர் முடிந்த பிறகு மட்டும் செத்தவர்களும் ஊனமுற்றவர்களும் 20,000 பேருக்கு மேல்.

இனி கால்கள். அங்கே ஒரு பகுதியில் கிராமத்து மக்கள் தாங்களே செய்துகொண்ட பொய்க்கால்களை வைத்திருக்கிறார்கள். கோப் மையத்துக்கு வந்து நல்ல கால் பொருத்திக்கொண்டவர்கள் விட்டுச்சென்றவை. மரத்தைக் குடைந்தது, மூங்கிலில் செய்தது, உலோகத் தகட்டை வளைத்து ஆணி அடித்தது. சிலவற்றில் தொடை படும் விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது. எத்தனை ஆண்டுகள் அந்த விளிம்பு சதையில் அழுந்தியிருக்கும்! அந்தக் காலோடு சேற்றில் இறங்கி நாற்று நட்டிருக்கிறார்கள். அதைச் செய்தவர்களின் கைத்திறனை வியந்து பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அதைச் செய்யவேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது.

1997இல் தொடங்கிய கோப், அரசின் மறுவாழ்வு மருத்துவ மையத்தோடு சேர்ந்து இயங்குகிறது. மலைக்கிராமத்திலிருந்து வருபவருக்குப் பயணச் செலவு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொடுக்கிறார்கள். சிகிச்சை இலவசம் என்று மட்டும் சொன்னால் கூலி வேலை செய்பவரால் தலைநகர் வரை வர முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்டுப்பட்ட காலின் முனையை மாவுக்கட்டுப் போட்டு அச்செடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் மாவு ஊற்றிக் கால் முனையின் வடிவத்தை எடுத்து, அதன் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, குழிந்த உறை ஒன்றை உருவாக்குகிறார்கள். அந்த உறைதான் எல்லாம். அது சரியாக உட்காரவில்லை என்றால் தோல் உரிந்து புண்ணாகும், ஆள் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார். பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடை பழக வேண்டும். சாலை விபத்தில் கால் போனவர்களுக்கும், வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்கும் இதே இடத்தில்தான் சிகிச்சை.

ஒரு தடவை கால் செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெரியவர்களுக்கே சில ஆண்டுகளில் தேய்ந்து மாற்ற வேண்டிவரும். குழந்தைக்கோ எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறு மாதத்தில் கால் பற்றாமல் போய்விடும். எட்டு வயதில் காலை இழந்த பிள்ளை, வளர்ந்து முடிப்பதற்குள் எத்தனை கால்கள் மாற்ற வேண்டும், அதன் பிறகு அறுபது வயது வரை எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தச் செலவை யார் கொடுப்பது? 2016 செப்டம்பரில் ஒபாமா லாவோசுக்கு வந்தார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அங்கே போனது அதுவே முதல்முறை. கோப் மையத்தையும் பார்த்தார். வெடிக்காத குண்டுகளை அகற்றவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவும் மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். வந்ததையும் கொடுத்ததையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தபோது லாவோசில் குண்டு அகற்றும் பணிகளும் முடங்கின. ஒன்பது ஆண்டுகள் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் குண்டு போட முடிந்த நாட்டால், அதை அள்ளும் பணத்தைத் தவறாமல் கொடுக்க முடியாதா? போட்டவர் மனமிரங்கித் தரும் தானமாக இது இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். இது அவர்கள் மீதுள்ள கடன். கடைசிப் பிள்ளை கடைசிக் காலை மாற்றும்வரை தீராத கடன்.

கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளின் முதல் கூட்டமே வியந்தியானில்தான் நடந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. 2023இல் உக்ரைனுக்கு அதே வகைக் குண்டுகளை அனுப்பியது. ரஷ்யா அதற்கு முன்பிருந்தே அங்கே அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் லிதுவேனியா ஒப்பந்தத்திலிருந்தே விலகிவிட்டது. கண்ணிவெடிகளில் கால் இழந்தவர்கள் வன்னியெங்கும் வாழும் இலங்கை 2018இல் சேர்ந்தது. இந்தியா இன்னும் கையெழுத்திடவில்லை. ஜெய்ப்பூர் காலை உலகத்துக்குக் கொடுத்த நாடு, கால்களைப் பறிக்கும் ஆயுதத்தைக் கைவிட மாட்டேன் என்று நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

வியந்தியான் போகிறவர்களுக்கு: மையம் நகரின் நடுவிலேயே, தலாட் சாவ் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, நன்கொடைப் பெட்டி இருக்கிறது. உள்ளே சிறிய கடை உண்டு. அங்கே வாங்கும் பொருளின் பணமும் கால்களுக்குத்தான் போகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.