கேப்டன் ஃப்யூச்சர் பிறந்தது அனிமேயில் அல்ல

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆலன் ஸ்டீல் 2017இல் எழுதிய 'அவெஞ்சர்ஸ் ஆஃப் த மூன்' நாவல், கேப்டன் ஃப்யூச்சர் என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) நாயகனை எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நாவல் பிடிக்கவில்லை என்றால் அது அவரவர் ரசனை. ஆனால் இந்தத் தகவல் மட்டும் சரியில்லை.

கேப்டன் ஃப்யூச்சர் அமெரிக்க மலிவுவிலை இதழ்க் காலத்து நாயகன். அவன் பெயரிலேயே 1940இல் ஒரு இதழ் தொடங்கியது. அதில் பெரும்பாலான கதைகளை எழுதியவர் எட்மண்ட் ஹாமில்டன். கர்ட் நியூட்டன் (இதுதான் கேப்டன் ஃப்யூச்சரின் இயற்பெயர்), அவன் கூட்டாளிகளான ரோபோ கிராக், செயற்கை மனிதன் ஓத்தோ, பெட்டிக்குள் வாழும் மூளையாக சைமன் ரைட் என்று நால்வரும் முதல் கதையிலேயே வந்துவிடுகிறார்கள். ஜப்பானின் டோயி நிறுவனம் எடுத்த அனிமே வந்தது 1978இல். அப்போது ஹாமில்டனே உயிரோடு இல்லை, 1977இல் காலமாகிவிட்டார். அந்த அனிமேயும் அவர் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டதுதான். பல நாடுகளில் குழந்தைகள் இவனை முதலில் டிவியில்தான் பார்த்தார்கள், அதனால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான்.

சரிபார்ப்பது சுலபம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்ற அறிவியல் புனைகதைத் தரவுத்தளத்தில் ஹாமில்டன் பெயரைத் தேடுங்கள். 'கேப்டன் ஃப்யூச்சர் அண்ட் த ஸ்பேஸ் எம்பரர்' என்ற முதல் கதைக்கு நேரே 1940 என்று இருக்கும். அப்புறம் அனிமே ஒளிபரப்பான ஆண்டை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.