விடைபெறுவது தலைவர் மட்டுமா?
கிறிஸ்தவ ஆலோசனை ஊழியத்தில் தலைவர் விலகும்போது பாராட்டோடு நின்றுவிடக் கூடாது என்ற கட்டுரையின் கருத்து சரியே. ஆனால், அதில் ஆலோசனை பெறுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! மனமுடைந்து வந்தவர் நம்பியது எதிரே அமர்ந்து கேட்ட அந்த ஒருவரைத்தான். அந்த ஒருவர் விலகப்போகிறார் என்பதை ஆலோசனை பெறுகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் சம்மதித்த பிறகே ஆலோசனைக் குறிப்புகள் புதியவர் கைக்குப் போக வேண்டும். பிரிவுபசாரக் கூட்டத்தில் சாட்சி சொல்ல அவரை மேடையேற்றுவது (பார்த்திருக்கிறேன்) ரகசியக் காப்பையே குலைத்துவிடும்.

வேதாகமத்தில், எண்ணாகமம் 27இல் மோசே, தாம் உயிரோடிருக்கும்போதே, சபையார் அனைவருக்கும் முன்பாக தமக்குப் பின் தலைவராகும் யோசுவாவின்மேல் கைகளை வைக்கிறார். அதற்கு வெகுமுன்பே, யாத்திராகமம் 18இல், மோசேயின் மாமனார் எத்திரோ எச்சரித்துவிட்டார்: காலைமுதல் மாலைவரை ஒருவரே எல்லா வழக்கையும் கேட்டால் அவரும் தளர்ந்துபோவார், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள். புதிய தலைவரின் பாரத்தைக் கேட்க முதல் நாளிலேயே ஒரு மூத்த ஆலோசகரை நியமியுங்கள்.